நுனிப்பையைக் காட்டிய சாயங்கள்: ஒரு மல்லாட்டை வியாபாரியின் வரலாற்றுக் குறிப்புகள்

நமது சங்க மலரில் இதற்கு முன் நான் எழுதியவை சமணப் படுகைகள், பழைய கல்வெட்டுகள், வடஆர்க்காட்டு ஏரிகள் இப்படிப்பட்டவை. இந்த முறை தலைப்பைப் பார்த்துவிட்டு, "நயினாருக்கு வயசான காலத்துல புத்தி ஏன் இப்படிப் போச்சு?" என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். விந்தணுவைப் பற்றிக் குடும்பத்தோடு படிக்கும் மலரில் எழுதலாமா என்று நானும் ஒரு மாதம் யோசித்தேன். எழுதித்தான் ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன். காரணத்தைக் கட்டுரையின் நடுவிலே சொல்கிறேன்.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரி வாசலை மிதித்தவனும் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1978-இல் பம்பாய்க்கு வந்து, மசூதி பந்தரில் ஒரு தானியக் கிடங்கில் கணக்கு எழுதி, பிறகு சொந்தமாக மல்லாட்டையும் பட்டாணியும் பயறும் வாங்கி விற்றவன். மல்லாட்டை என்றால் தெற்கத்தி அன்பர்களுக்கு நிலக்கடலை. மணிலாக்கொட்டை என்ற பெயர் எங்கள் பக்கத்து வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. கடை மூடிய பிறகு படிப்பது என் பழக்கம். படித்ததைத்தான் எழுதுகிறேன்.

இந்தப் படிப்பு தொடங்கிய விதம் வேடிக்கையானது. நமது சங்கத்து அன்பர் ஒருவரின் மகள், உயிரியல் ஆய்வு மாணவி, 2016-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில் என்னிடம், "மாமா, உங்க கடைச் சரக்கைத்தான் நாங்க ஸ்லைடுல போட்டு விந்தணுவைப் பாக்கறோம்" என்றது. கிண்டல் செய்கிறது என்று நினைத்தேன். இல்லை. நிலக்கடலைப் பருப்பிலிருந்து எடுக்கும் ஒரு புரதமும், பட்டாணியிலிருந்து எடுக்கும் ஒரு புரதமும், உலகம் முழுதும் ஆய்வுக்கூடங்களில் விந்தணுவின் தலையைச் சாயமேற்றிப் பார்க்கப் பயன்படுகின்றனவாம். நாற்பது வருஷமாக மூட்டை மூட்டையாக நான் விற்ற சரக்குக்குள் இப்படி ஒரு சங்கதி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

துணி வியாபாரி கண்ட உலகம்

விந்தணுவை முதலில் கண்டு உலகுக்குச் சொன்னவர் ஒரு வியாபாரி என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன். ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த லீவன்ஹுக் என்பவர்தான் அவர். பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். அக்காலத்து அறிஞர் மொழியான லத்தீனும் அவருக்குத் தெரியாது. துணியின் இழையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது அந்தத் தொழிலின் வழக்கம். அவர் தாமே சின்னஞ்சிறு கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் செய்து, குளத்து நீர், பல் அழுக்கு என்று எல்லாவற்றையும் பார்த்தார். 1677-இல் விந்தில் வாலுடன் நீந்தும் உயிர்களைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். படித்தவர்கள் இதை அநாகரிகம் என்று கருதினால் வெளியிட வேண்டாம் என்ற பணிவோடுதான் எழுதினார். அவருக்கே அந்தத் தயக்கம் இருந்தது என்றால் எனக்கு இருப்பதில் வியப்பென்ன?

கண்ணால் கண்டது ஒன்று. கண்டதன் பொருள் வேறொன்று. அடுத்த நூறாண்டுக் காலம் பலர் இந்த உயிர்களை விந்தில் வாழும் புழுக்கள் என்றே எண்ணினார்கள். இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லான்ஸானி பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண் தவளைகளுக்குக் கால்சட்டை தைத்துப் போட்டு, விந்து முட்டையைத் தொடாவிட்டால் குஞ்சு பிறக்காது என்று காட்டியவர். விந்தை வடிகட்டியும் பார்த்தார். வடிந்த நீருக்குக் கருவுறச் செய்யும் சக்தி இல்லை. வடிதாளில் தங்கியதற்கு இருந்தது. இவ்வளவையும் தம் கையாலேயே செய்துவிட்டு, காரணம் அந்தப் புழுக்கள் அல்ல, திரவம்தான் என்றே அவர் சாதித்தார். 1824-இல் பிரெவோ, துய்மா என்ற இருவர் அதே வடிகட்டும் சோதனையைச் செய்து, விந்தணுதான் காரணம் என்று சொன்னார்கள். 1876-இல் ஜெர்மானியர் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலி முட்டையில் ஆண் உட்கருவும் பெண் உட்கருவும் ஒன்று சேர்வதைக் கண்டார்.

சரி, விந்தணு முட்டைக்குள் எப்படி நுழைகிறது? முட்டையைச் சுற்றி ஒட்டிய செல்களின் கூட்டம், அதற்குள்ளே கெட்டியான ஓர் உறை, அதற்கும் உள்ளே முட்டையின் சவ்வு. இத்தனை கதவுகளுக்கும் சாவி எங்கே இருக்கிறது? அதுதான் அக்ரோசோம். கிரேக்க மொழியில் நுனியில் உள்ள உடல் என்று பொருள். விந்தணுத் தலையின் முன்பாகத்தில் தொப்பி போலக் கவிழ்ந்திருக்கும் ஒரு பை அது. இக்கட்டுரையில் நுனிப்பை என்று சொல்கிறேன். அதற்குள் நொதிகளும் வேறு புரதங்களும் அடைபட்டிருக்கின்றன. உரிய நேரத்தில் பையின் வெளிச்சவ்வும் தலையின் மேற்சவ்வும் பல இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டித் திறந்து, உள்ளே இருப்பது வெளியே வரும். விஞ்ஞானிகள் இதை அக்ரோசோம் வினை என்கிறார்கள். நாம் நுனிப்பை திறப்பு என்று வைத்துக்கொள்வோம்.

முதல் சாயம், முதல் சாட்சி

இது எவ்வளவு சின்னது என்று பாருங்கள். மனித விந்தணுவின் தலை ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் நான்கைந்து பங்கு நீளம். ஒரு மல்லாட்டைப் பருப்பின் நீளத்துக்கு அந்தத் தலைகளை வரிசையாக வைத்தால் இரண்டாயிரத்துக்கு மேல் வைக்கலாம். அந்தத் தலையில் பாதி அளவை மூடும் மெல்லிய பை நிறமற்றது. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. ஆகவேதான் சாயம் தேவைப்பட்டது.

1952-ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் முக்கியமானது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லெப்லாண்டும் கிளெர்மாண்டும் எலியின் விரைகளைச் சீவிப் பெர்அயோடிக் அமிலத்தில் நனைத்துச் சாயமேற்றினார்கள். சர்க்கரைச் சங்கிலி கோத்த புரதங்களை அந்த முறை கருஞ்சிவப்பாகக் காட்டும். நுனிப்பையில் அத்தகைய புரதம் நிறைந்திருப்பதால், அது சிறு துளியாகத் தோன்றி, பரந்து, தொப்பியாகக் கவிழும் வரலாறு முழுவதும் தெரிந்தது. எலி விந்தணு உருவாவதை 19 படிகளாக அவர்கள் பிரித்ததில் அந்தத் தொப்பியின் மாற்றங்களுக்கு முக்கிய இடம் உண்டு.

அதே 1952-இல் ஜப்பானில் ஜீன் கிளார்க் டான் என்ற பெண்மணி திறப்பைக் கண்டார். அமெரிக்காவில் பிறந்து, ஜப்பானிய உயிரியலாளர் கட்சுமா டானை மணந்து, மிசாகி கடற்கரை ஆய்வு நிலையத்தில் ஆராய்ந்தவர். அந்த நிலையத்துக்கே ஒரு கதை உண்டு. 1945-இல் போர் முடிந்து அமெரிக்கப் படை வந்தபோது, இது ஆராய்ச்சி இடம், அழிக்காதீர்கள் என்று கட்சுமா டான் கைப்பட எழுதி வாசலில் ஒட்டினார். நிலையம் பிழைத்தது. ஜீன் டான் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியும் எலக்ட்ரான் நுண்ணோக்கியும் கொண்டு கடல் முள்ளெலி, நட்சத்திர மீன் ஆகியவற்றின் விந்தணுவைப் பார்த்தார். முட்டைகள் ஊறிய கடல்நீரைச் சேர்த்ததும் நுனிப்பை உடைந்து திறந்தது. அதுவரை, அப்படி உடைந்த விந்தணு கெட்டுப்போனது என்றே எண்ணத் தோன்றும். அந்த உடைவுதான் அதன் வேலை என்று சொன்னவர் அந்த அம்மையார்.

பாலூட்டிகளில் இன்னொரு முடிச்சு இருந்தது. 1951-இல் அமெரிக்காவில் எம்.சி. சாங் முயலிலும், ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் எலியிலும், தனித்தனியாக ஒன்றைக் கண்டார்கள். புதிதாக எடுத்த விந்தணுவால் உடனே முட்டையைக் கருவுறச் செய்ய முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் தங்கிப் பக்குவப்பட வேண்டும். பக்குவமான பிறகே நுனிப்பை திறக்கும். 1958-இல் ஆஸ்டினும் பிஷப்பும் பாலூட்டிகளிலும் இந்தத் திறப்பு நிகழ்வதைக் காட்டினார்கள். 1963-இல் யானகிமாச்சியும் சாங்கும் வெள்ளெலி முட்டையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கருவுறச் செய்தார்கள். 1978-இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்ததற்கு வழி போட்ட வேலைகளில் இதுவும் ஒன்று.

என் அக்கா

இனி நான் சொல்வதாகச் சொன்ன காரணம்.

என் அக்காவுக்கு 1972-இல் திருமணம். எட்டு வருஷம் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, தின்னாத மருந்து இல்லை. எல்லா மருந்தும் அக்காவுக்குத்தான். ஒரு மருத்துவமனையில் அக்காவை நான்கு முறை சோதித்து ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளையைச் சோதிக்க வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் வந்திருக்க மாட்டார். ஊர் வைத்த பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த சொல்தான். 1980-இல் அவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். அக்கா பம்பாய்க்கு என்னிடம் வந்துவிட்டார்கள். இரண்டாவது வந்த பெண்ணுக்கும் குழந்தை இல்லை. அந்தப் பெண்ணுக்கும் ஊர் அதே பெயரைத்தான் வைத்தது.

அவரிடம் குறை இருந்ததா, இருந்தால் என்ன குறை என்று நான் இப்போது தீர்ப்புச் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் வழக்கு. அக்கா நாற்பது வருஷம் என் கிடங்கில் பருப்புத் தரம் பிரித்தார்கள். ஏற்றுமதிச் சரக்கில் எச்.பி.எஸ். என்று ஒரு தரம் உண்டு. கையால் பொறுக்கித் தேர்ந்தெடுத்த பருப்பு என்று பொருள். தோல் வெடித்தது, சொத்தை, பூஞ்சை, சுருங்கல் எல்லாவற்றையும் விரலால் தள்ளிவிட்டு நல்லதை மட்டும் எடுப்பது. அக்காவின் கண்ணுக்குத் தப்பிய சொத்தை கிடையாது.

மூன்று சாயம், இரண்டு கேள்வி

தரம் பிரிப்பவர்களுக்குத் தெரியும், தோல் வெடித்த பருப்பெல்லாம் ஒன்றல்ல. முளைவிட்டு வெடித்தது வேறு. அழுகி வெடித்தது வேறு. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போல இருக்கும். விந்தணுவிலும் இதே சிக்கல். உயிரோடு இருந்து முறையாக நுனிப்பை திறந்தது ஒரு வகை. செத்துப்போய்ப் பை கழன்று விழுந்தது இன்னொரு வகை. பை இல்லை என்று மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். வெள்ளெலிக்கும் கினிப் பன்றிக்கும் நுனிப்பை பெரிது. உயிரோடு நீந்தும்போதே பார்க்கலாம். மனிதனுக்கு அது மெல்லியது என்பதால் சாயமின்றி முடியாது.

1981-இல் டால்பட், சகோன் என்ற இருவர் மூன்று சாயங்களைச் சேர்த்து இதற்கு விடை கண்டார்கள். முதல் சாயம் டிரிபான் நீலம். பருத்தித் துணிக்குப் போடும் சாயம். செத்த விந்தணுவின் சவ்வு ஓட்டை என்பதால் நீலம் உள்ளே புகுந்து தலையின் பின்பாதி கருநீலமாகும். இரண்டாவது பிஸ்மார்க் பழுப்பு. உயிருள்ள விந்தணுவின் பின்பாதியை இளம்பழுப்பாக்கும். மூன்றாவது, வங்காளத்தின் பெயரைத் தாங்கிய ரோஸ் பெங்கால். நுனிப்பை இருந்தால் அதை இளஞ்சிவப்பாக்கும். பின்னால் பழுப்பு, முன்னால் சிவப்பு என்றால் உயிருண்டு, பை மூடியிருக்கிறது. பின்னால் பழுப்பு, முன்னால் வெள்ளை என்றால் உயிருண்டு, பை திறந்துவிட்டது. பின்னால் கருநீலம் என்றால் செத்தது, கணக்கில் சேர்க்காதே. உயிர் உண்டா, பை திறந்ததா என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே கண்ணாடித் துண்டில் விடை.

மனிதன் துணிக்கென்று செய்த சாயங்கள் இப்படி உயிரியலுக்கு வந்தது ஒன்றிரண்டல்ல. கூமாஸி நீலம் என்பது கம்பளிக்குப் போட்ட சாயம். மேற்கு ஆப்பிரிக்காவின் குமாசி நகரப் பெயரை வணிகக் குறியாக வைத்தார்கள். அது புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்த பிறகு ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. 1999-இல் லார்சன், மில்லர் இருவரும் பல விலங்குகளின் நுனிப்பையைப் பார்க்க அதுவே போதும், விலையும் குறைவு என்று காட்டினார்கள்.

மருந்தும் சாயமாகியது. 1979-இல் சாலிங், ஸ்டோரி இருவரும் குளோர்டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை எலி விந்தணுவுக்கு ஏற்றினார்கள். அது சவ்வோடு ஒட்டிய கால்சியத்தைப் பிடித்து ஒளிரும். தலை முழுதும் ஒளிர்ந்தால் பக்குவப்படவில்லை. பின்பாதியில் ஒளியில்லாத பட்டை தெரிந்தால் பக்குவப்பட்டது, பை மூடியிருக்கிறது. தலையே மங்கிவிட்டால் பை திறந்துவிட்டது. இந்த மருந்தின் பழைய வணிகப் பெயர் ஆரியோமைசின். பெஞ்சமின் டக்கர் அதைக் கண்டுபிடித்தபோது அந்த லெடர்லே ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948-இல் மருந்து வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். தம் கூடத்தில் பிறந்த மருந்து பிற்காலத்தில் இப்படி ஒரு வேலை செய்யும் என்று அவர் கண்டிருக்க முடியாது.

பொறுக்கி எடுக்கும் புரதம்

இப்போது என் சரக்குக்கு வருகிறேன்.

1888-இல் ஸ்டில்மார்க் என்பவர் ஆமணக்கு விதைச் சாறு இரத்தத்தின் சிவப்பணுக்களைக் கட்டிக் கட்டியாக ஒட்டவைப்பதைக் கண்டார். விதைகளில் உள்ள சில புரதங்கள் சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடித்துக்கொள்வதால் இது நடக்கிறது. ஒவ்வொரு புரதமும் தனக்கு வேண்டிய சர்க்கரையைத்தான் பிடிக்கும், மற்றதைத் தொடாது. ஆகவே 1954-இல் பாய்ட் என்பவர் லத்தீனில் பொறுக்கி எடுத்தல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து லெக்டின் என்று பெயர் வைத்தார். இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எச்.பி.எஸ். என்று நாங்கள் சாக்கில் அச்சடிப்பதும் அதே பொருள்தானே!

நிலக்கடலை லெக்டினை 1975-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் லோட்டன், ஷரோன் முதலியோர் பிரித்தெடுத்தார்கள். அதன் உருவ அமைப்பை அணு அணுவாகக் கண்டு 1994-இல் வெளியிட்டவர்கள் நம் நாட்டவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன் தலைமையிலான குழுவும் சுரோலியாவும். நான்கு துண்டுகள் சேர்ந்த அந்தப் புரதம், மற்ற புரதங்களைப் போல ஒழுங்கான சமச்சீரில் இல்லாமல் வினோதமாகக் கூடியிருப்பதை அவர்கள் காட்டினார்கள்.

1986-இல் கிராஸ், மொராலஸ், ஓவர்ஸ்ட்ரீட் ஆகியோர் பட்டாணி லெக்டினோடு பச்சையாக ஒளிரும் ஃபுளோரசின் சாயத்தைக் கோத்து மனித விந்தணுவில் ஏற்றினார்கள். பட்டாணிப் புரதம் நுனிப்பைக்குள் அடைந்திருக்கும் சரக்கைப் பிடிக்கும்; ஆகவே முதலில் சாராயத்தில் நனைத்துச் சவ்வைத் திறந்துவிட வேண்டும். 1987-இல் மார்ட்டிமரும் கூட்டாளிகளும் நிலக்கடலைப் புரதத்தைப் பயன்படுத்தினார்கள். அது நுனிப்பையின் வெளிச்சவ்வைப் பிடிக்கும். பை முழுதாக இருந்தால் பச்சைப் பிறை போலத் தொப்பி ஒளிரும். திறந்துவிட்டால் நடுவில் ஒரு பட்டை மட்டும் நிற்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட விந்துப் பரிசோதனைக் கையேட்டில் இரண்டுமே இடம்பெற்றன. பட்டாணி மூட்டையும் மல்லாட்டை மூட்டையும் என் கிடங்கில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன.

அந்த மாணவியின் உதவியால் ஒருநாள் ஒளிர் நுண்ணோக்கியில் நானும் பார்த்தேன். இருட்டு அறை. கருப்பு வானத்தில் மூன்றாம் பிறைகள் இறைந்து கிடந்தது போல இருந்தது. "ஒளி இருக்கறது மூடின பை, மாமா. இல்லாததுதான் வேலை செஞ்சது" என்றது அந்தப் பெண்.

சாயம் சொல்லாத உண்மை

இவ்வளவோடு வரலாறு முடிந்திருந்தால் சுலபம். சாயங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லின.

நுனிப்பையில் உள்ள நொதிகளில் பெயர் பெற்றது அக்ரோசின். முட்டை உறையை அரித்து வழி போடுவது அதுதான் என்று பாடப்புத்தகம் எல்லாம் சொல்லின. 1994-இல் பாபா என்ற ஜப்பானியரின் குழு, அக்ரோசினே இல்லாத சுண்டெலிகளை உண்டாக்கியது. அவை சற்றுத் தாமதமாக உறையைத் துளைத்தன, குட்டியும் ஈன்றன. அப்படியானால் அக்ரோசின் தேவையில்லை என்று எழுதினார்கள். 2020-இல் அக்ரோசின் இல்லாத வெள்ளெலிகளை உண்டாக்கிப் பார்த்தபோது, அவற்றின் விந்தணுவால் உறையைத் துளைக்கவே முடியவில்லை! சுண்டெலி சொன்னது சுண்டெலிக்குச் சரி. வெள்ளெலி சொன்னது வெள்ளெலிக்குச் சரி. எங்கள் சமணத் தர்க்கத்தில் நயம் என்று ஒரு சொல் உண்டு. ஒரு பொருளை ஒரு கோணத்திலிருந்து கண்டு சொல்வது. அதையே முழு உண்மை என்று பிடிவாதம் பிடித்தால் அது துர்நயம். (இத்தனை உயிர்கள் மடிந்து கிடைத்த அறிவு என்பது எனக்கு உறுத்தாமல் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.)

இன்னொன்று. 1980 முதல் பிளெயில், வாசர்மன் ஆகியோரின் ஆய்வுகள் வந்தன. விந்தணு மூடிய பையோடு வந்து முட்டை உறையில் ஒட்டும். உறையில் உள்ள ஒரு புரதம் தூண்டியதும் பை திறக்கும் என்றன. முப்பது வருஷம் இதுதான் பாடம். ஆனால் முட்டையைச் சுற்றியுள்ள செல்களைக் கழுவி நீக்கிவிட்டுத்தான் பெரும்பாலும் பார்த்தார்கள். விந்தணுவையும் ஓரிடத்தில் நிறுத்திச் சாயமேற்றித்தான் பார்த்தார்கள். 1999-இல் ஒசாகாவில் ஒகாபே குழு, ஜெல்லி மீனின் பச்சைப் புரதத்தைச் சுண்டெலியின் நுனிப்பைக்குள்ளேயே பிறவியிலேயே வைத்தது. சாயமே வேண்டாம், நீந்தும்போதே பை மூடியிருப்பதும் திறப்பதும் தெரியும். 2011-இல் ஹிரோஹாஷி முதலிய ஜப்பானியர் செல்களை நீக்காமல் படம்பிடித்தார்கள். முட்டையைக் கருவுறச் செய்த விந்தணுக்களில் பெரும்பாலானவை உறையைத் தொடும் முன்பே திறக்கத் தொடங்கிவிட்டன! 2016-இல் வந்த ஆய்வுகள் கருக்குழாயிலேயே பல திறந்துவிடுவதைக் காட்டின. முப்பது வருஷப் பாடம் திருத்தப்பட்டது.

பை ஏன் திறக்க வேண்டும் என்பதற்கும் புது விடை கிடைத்தது. 2005-இல் ஒகாபே குழு, பை திறந்த பிறகே வெளித்தெரியும் ஒரு புரதத்தைக் கண்டு, ஜப்பானியர் கல்யாணம் கைகூட வேண்டிக்கொள்ளும் இசுமோ கோயிலின் பெயரை அதற்கு வைத்தது. அது இல்லாத ஆண் சுண்டெலியின் விந்தணு உறையைத் துளைத்து உள்ளே போகும், முட்டையோடு ஒன்றாகாது. 2014-இல் இங்கிலாந்தில் கெவின் ரைட் குழு, முட்டையின் மேல் அதைப் பிடிக்கும் புரதத்தைக் கண்டு, ரோமானியரின் திருமணத் தெய்வமான ஜூனோ பெயரை வைத்தது. ஆண் பக்கம் ஒன்று, பெண் பக்கம் ஒன்று. இரண்டில் எது இல்லாவிட்டாலும் குழந்தை இல்லை. வெளியே இருந்து பார்ப்பவருக்கு எந்தப் பக்கம் குறை என்று எப்படித் தெரியும்?

எண்ணிக்கை நன்றாக இருந்தும் பிறவியிலேயே நுனிப்பை இல்லாமல் உருண்டைத் தலையோடு விந்தணு உண்டாகும் ஆண்களும் உண்டு. அந்தக் குறைக்குக் காரணமான மரபணு ஒன்றை 2011-இல் கண்டார்கள். 1992-இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் வெற்றி கண்ட முறையில் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துகிறார்கள். அங்கே நுனிப்பைக்கு வேலையே இல்லை. அக்கா காலத்தில் அது இல்லை.

நம் பம்பாய்க்கும் இதில் இடமுண்டு. 1986 ஆகஸ்டு 6-ஆம் தேதி பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவின் கையில் ஹர்ஷா பிறந்தாள். அந்த வேலையில் உடனிருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார், 1997-இல் கல்கத்தா டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்தார். 1978 அக்டோபர் 3-ஆம் தேதியே சோதனைக்குழாய் முறையில் ஒரு பெண் குழந்தை பிறக்கச் செய்தவர் அவர். அவரை ஒருவரும் நம்பவில்லை. 1981-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். முதல் இடம் எனக்கல்ல, அவருக்கே என்று ஆனந்தகுமார் பகிரங்கமாகச் சொன்னார். பார்க்காமலே தீர்ப்பெழுதுவது ஊர்க்காரர்களிடம் மட்டும் இல்லை, படித்தவர்களிடமும் உண்டு. திருத்திக்கொள்வதும் உண்டு.

நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அக்கா சுளகில் பருப்பைத் தட்டிக்கொண்டே கேட்டார்கள். நான் முடித்ததும், "அப்ப இந்தக் கொட்டை நம்ம வீட்டுல அப்பவே மூட்டை மூட்டையா இருந்துச்சே தம்பி" என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றும் சாதாரண விந்துப் பரிசோதனைச் சீட்டில் எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் ஆகியவைதான் இருக்கும். நுனிப்பை திறக்கிறதா என்பது வழக்கமாக இருக்காது. அது ஆய்வுக்கூட வேலை. ஆகவே சீட்டில் எல்லாம் நன்று என்று இருந்தாலும் அது முழு உண்மை ஆகிவிடாது. ஆனால் அந்த முதல் சீட்டுக்கூட வாங்காமல் ஒரு பெண்ணின் மேல் பழி போடும் வழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆணுக்குச் செய்யும் முதல் சோதனையில் கத்தியும் இல்லை, வலியும் இல்லை, செலவும் குறைவு. உங்கள் வீட்டில் மகனோ மருமகனோ இருந்தால், கோயிலுக்குப் புறப்படும் முன் இருவரையும் சேர்த்து மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அக்காவுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. கண் கொஞ்சம் மங்கிவிட்டது. இருந்தாலும் சொத்தைப் பருப்பு இன்னும் தப்புவதில்லை. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்களுக்குப் படித்துக் காட்டி அனுமதி பெற்றேன். "பேரை மட்டும் போடாதே. மத்தது எல்லாம் போடு" என்றார்கள். அப்படியே செய்திருக்கிறேன்.